கட்டி ஒயிலும் நான் சொல்லாமல் விட்ட பாதியும்



ஈச்சிலம்பற்றிலும் மூதூரிலும் எனக்குத் தெரிய நாலைந்து பேர் இப்போது பைக்குக்குக் கட்டி ஒயில் ஊற்றி ஓடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "சேர் போட்டுத்தானே புகை நிண்டது" என்கிறார்கள். அந்தச் சேர் நான்தான்.

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொன்னேன். அந்தப் பாதியை நம்பிய ஒரு தம்பியின் எஞ்சின் போன மாதம் நடுவீதியில் இறுகி நின்றுவிட்டது. அதனால் மற்றப் பாதியையும் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

என் பைக்கை உங்களில் பலருக்குத் தெரியும். நூறு சீசீ. கிண்ணியாப் பாலம் திறந்த 2009ஆம் ஆண்டு வாப்பா வாங்கியது. வாப்பா மௌத்தான பிறகு எனக்கு வந்தது. மூதூரிலிருந்து ஈச்சிலம்பற்றுக்குப் போக வர ஒரு நாளைக்கு அறுபது கிலோமீற்றர் அளவில் ஓடுகிறேன். மாதத்துக்கு ஆயிரத்து இருநூறுக்குக் குறையாது. பாதி வழி வயல், மீதி வழி காடு. கடலுக்குக் கிட்டப் போகப் போக உப்புக் காற்றும் மணலும்.

மாற்றி வேறொன்று வாங்கலாம் என்று நினைத்த நேரத்தில், 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகனம் கொண்டு வருவது நிறுத்தப்பட்டது. பழைய பைக்குகளின் விலை புதியதன் விலையைத் தாண்டிப் போனது. பிறகு வந்தது 2022. ஜூன் மாதக் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். எனக்குப் பள்ளிக்கூடம் போய் வரவே ஆறு லீற்றர் வேண்டும். மூன்று நாள் என் பைக், இரண்டு நாள் இன்னொரு ஆசிரியரின் பைக் என்று மாறி மாறிப் போனோம்.

அந்த வருடம்தான் நான் முதல் பிழையை விட்டேன். ஒயில் விலையும் ஏறியிருந்தது. "பெற்றோலே இல்ல, இதில ஒயில் எதுக்கு" என்று ஆறேழு மாதம் ஒயில் மாற்றாமல் ஓட்டினேன். கறுத்துத் தார் மாதிரிப் போன ஒயிலில் எஞ்சின் ஓடியது. பெற்றோலுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால் அது நினைவில் நின்றது. ஒயிலுக்கு யாரும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை, அது மறந்து போனது.

அடுத்த வருடம் சைலன்சரில் நீலப் புகை வரத் தொடங்கியது. காலையில் பள்ளிக்கூட வாசலில் நான் திரும்பும்போது தரம் 10 பெடியன்கள் சிரிப்பார்கள். ஒருநாள் காதில் விழுந்தது: "டேய், டெங்குக்குப் புகையடிக்க ஆக்கள் வந்திட்டாங்கடா." நானும் சிரித்துவிட்டுப் போனேன். சிரிக்கிற விசயம் இல்லை என்று விளங்கியது ஓர் அந்தி நேரத்தில்.

மாலை வகுப்பு முடித்துத் திரும்பி வருகிறேன். இருட்ட முதல் காட்டுத் துண்டைத் தாண்ட வேண்டும். அந்த வீதியில் யானை இறங்கும் நேரம் எல்லோருக்கும் தெரியும். எஞ்சினிலிருந்து ஒரு சத்தம், தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல. நிற்பாட்டி ஒயில் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். நுனியில் ஈரமே இல்லை.

இந்தச் சின்ன பைக்குகளில் பெரும்பாலானவற்றில் ஒயில் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு இல்லை. கம்பி ஒன்றுதான். அதையும் நாம் பார்ப்பதில்லை. எஞ்சினுக்குள் இருப்பது மொத்தமே ஒரு லீற்றர் அளவு. பெற்றோல் முடிந்தால் பைக் நிற்கும், அவ்வளவுதான். ஒயில் முடிந்தால் எஞ்சினே முடியும். நல்ல காலம், பின்னால் வந்த உழவு இயந்திரக்காரர் ஒருவரிடம் அரைப் போத்தல் ஒயில் இருந்தது. எந்த ஒயில் என்று கேட்கவில்லை. ஊற்றிக்கொண்டு மெதுவாக வீடு வந்தேன்.

அடுத்த நாள் மெக்கானிக்கிடம் போனேன். அவர் உடனே எதையும் கழற்றவில்லை. இரண்டு கேள்விதான் கேட்டார்.

"சேர், காலையில முதல் ஸ்டார்ட்டுக்குப் புகை கூடவா? இல்ல, ஓடிக்கிட்டு முறுக்கும்போது கூடவா?"

"ரெண்டும் வருது தம்பி. முறுக்கும்போது கூட."

அந்தக் கேள்வியின் பொருளை அவர் விளக்கினார். இரவு முழுக்க நின்ற பைக்கை ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு வீச்சுப் புகை வந்து பிறகு அடங்கினால், ஒயில் மேலே வால்வ் சீல் வழியாகக் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. அது சின்ன றப்பர், மலிவு. முறுக்கும்போதெல்லாம் தொடர்ந்து புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது கரி பிடித்து ஒட்டியிருக்கிறது. ரிங்கின் வேலை சிலிண்டர் சுவரிலிருந்து ஒயிலை வழித்துக் கீழே இறக்குவது. அது வழிக்காமல் விட்டால் ஒயில் மேலே போய்ப் பெற்றோலோடு சேர்ந்து எரியும். புகை இல்லாமலே ஒயில் குறைந்தால் எங்கேயோ வெளியே கசிகிறது. எஞ்சினுக்குக் கீழே ஒரு மட்டையை வைத்துவிட்டு விடியப் பார்த்தால் தெரியும்.

பிறகு பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் அமுக்கம் பார்க்கும் மீற்றரைப் பூட்டிக் கிக் அடித்தார். அமுக்கம் குறைவு. அதே துளையால் ஒரு கரண்டி ஒயிலை ஊற்றி மறுபடியும் அடித்தார். அமுக்கம் ஏறியது. ஊற்றிய ஒயில் ரிங்கின் இடைவெளியை அடைத்ததால் ஏறியது, ஆகவே குறை ரிங்கில் என்றார். வால்வ் சரியாக மூடாமல் அமுக்கம் குறைந்திருந்தால், ஒயில் ஊற்றியும் பெரிதாக ஏறியிருக்காது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அன்று அந்தக் கராஜில் நான்தான் மாணவன்.

"எஞ்சின் வேலை செய்யத்தான் வேணும் சேர். இப்ப காசு இல்லாட்டி, டிசம்பர் லீவு வரைக்கும் கட்டி ஒயில் ஒண்டு போட்டுப் பாருங்க. சிந்தெடிக் எண்டா இன்னும் நல்லம். ஆனா கம்பியப் பாக்காம ஓடாதீங்க."

இந்தக் கடைசி வசனத்தைத்தான் பிறகு நான் மற்றவர்களுக்குச் சொல்ல மறந்தேன்.

புத்தகத்தில் என் பைக்குக்குச் சொல்லியிருந்தது 10டபிள்யூ-30. மெக்கானிக் சொன்னது 20டபிள்யூ-50 சிந்தெடிக். இந்த எண்களுக்கு என்ன பொருள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதற்கு. அந்த எழுத்தே மாரிகாலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. பனி கொட்டும் நாட்டில் அது பெரிய விசயம். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட எஞ்சின் அப்படிக் குளிராது. நமக்கு முக்கியம் பின்னால் இருக்கும் எண். எஞ்சின் கொதித்து ஓடும்போது ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதை அது சொல்கிறது. நூறு பாகை செல்சியஸில் 30 என்ற தரத்தின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 50 என்ற தரத்துக்கு அது 16.3 முதல் 21.9 வரை. தேய்ந்த ரிங்கின் இடைவெளியாலும் இறுகிப்போன சீலாலும் தடிப்பான ஒயில் மெதுவாகத்தான் நுழையும். குறைவாக நுழைந்தால் குறைவாக எரியும்.

சிந்தெடிக் ஏன்? சாதாரண ஒயிலில் சின்ன மூலக்கூறும் பெரிய மூலக்கூறும் கலந்து கிடக்கும். சூட்டில் சின்னவை முதலில் ஆவியாகிப் போய்விடும். சிந்தெடிக்கில் அவை ஏறத்தாழ ஒரே அளவு, ஆகவே ஆவியாகும் அளவு குறைவு. 250 பாகையில் ஒரு மணித்தியாலம் சூடாக்கி எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. இப்போதைய தரங்கள் பலவற்றில் அதற்கான எல்லை 15 சதவீதம். நல்ல சிந்தெடிக் அதற்கு நன்றாகக் கீழே நிற்கும். ஆகவே ஒயில் குறைவதைக் கட்டி ஒயில் ஒரு பக்கத்தால் தடுக்கிறது, சிந்தெடிக் இன்னொரு பக்கத்தால் தடுக்கிறது. இரண்டும் வேறு வேறு குணம். கட்டியாக இருப்பதெல்லாம் சிந்தெடிக் இல்லை, சிந்தெடிக் எல்லாம் கட்டியும் இல்லை.

ஒயில் வாங்கத் திருகோணமலைக்கே போனேன். போகும் வழியில் சீனக்குடா. ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் அங்கே 99 நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்தபோது எரிந்து போன தாங்கியின் கதையை வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே சீனக்குடாவில்தான் லங்கா ஐஓசியின் ஒயில் கலக்கும் ஆலையும் இருக்கிறது. அடிப்படை எண்ணெயோடு தேய்மானத்தைக் குறைக்கிற, அழுக்கைக் கழுவுகிற, நுரைக்காமல் வைக்கிற மருந்துகளைச் சேர்த்து அடைப்பதுதான் அந்தத் தொழில். இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. ஒயில் என்றால் வெளிநாட்டிலிருந்து போத்தலில் வருவது என்றுதான் நினைத்திருந்தார்கள்.

வாங்கிய ஒயிலில் கொஞ்சத்தை வைத்து ஒரு பாடமும் நடத்தினேன். ஒரே அளவான இரண்டு புனல், ஒன்றில் பழைய தரம், மற்றதில் புதியது. சாதாரண சூட்டில் கட்டி ஒயில் இறங்கி முடிய இரண்டு மடங்குக்கு மேல் நேரம் எடுத்தது. பிறகு இரண்டையும் கொதிநீரில் வைத்துச் சூடாக்கி ஊற்றினோம். இரண்டும் விறுவிறுவென்று இறங்கின, ஆனால் கட்டி ஒயில் அப்போதும் பின்னால்தான் வந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்த பிறகு 30, 50 என்ற எண்களை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனிக் கணக்கு. ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். முந்திய ஒயிலில் ஆயிரம் கிலோமீற்றருக்கு 350 மில்லிலீற்றர் குறைந்தது. கட்டி சிந்தெடிக் போட்ட பிறகு 150. புகை முழுதாக நிற்கவில்லை, ஆனால் பகலில் பார்த்தால் தெரியாத அளவுக்கு வந்தது. பெடியன்களுக்குச் சிரிக்க ஒன்றும் இல்லாமல் போனது. நான் பெருமைப்பட்டேன். ஆசிரியர் ஓய்வறையிலும் தேத்தண்ணிக் கடையிலும் சொன்னேன்: "கட்டி சிந்தெடிக் போடுங்க, புகை நிக்கும்."

சொல்லாமல் விட்டவை நிறைய.

முதலாவது, காசு மிச்சம் இல்லை. பழைய ஒயிலை இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினேன், சிந்தெடிக்கை மூவாயிரத்துக்கு. மாற்றுவதும் இடையில் ஊற்றுவதும் சேர்த்தால் மூவாயிரம் கிலோமீற்றருக்குப் பழையது இரண்டரை லீற்றர், புதியது ஒன்றரை லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் புதியதன் விலை இரண்டு மடங்கு. கூட்டிக் கழித்தால் கையிலிருந்து கொஞ்சம் கூடத்தான் போனது. எனக்குக் கிடைத்த இலாபம் வேறு. கம்பி காய்ந்து போகும் பயம் குறைந்தது, பிளக்கில் கரி பிடிப்பது குறைந்தது, டிசம்பர் வரை நாள் கிடைத்தது.

இரண்டாவது, பெற்றோல் கொஞ்சம் கூடக் குடித்தது. மழைக் காலையில் கிக் அடிக்கும்போது காலுக்குப் பாரம் தெரிந்தது. கட்டியான ஒயிலைக் கலக்கிச் சுற்ற எஞ்சினுக்கு வலு வேண்டும், அது பெற்றோலிலிருந்துதான் வர வேண்டும்.

மூன்றாவது, ரிங் நல்லதாகவில்லை. தேய்ந்த இரும்பை எந்த ஒயிலும் வளர்த்துத் தராது. நான் வாங்கியது தவணை. கடன் அப்படியே இருந்தது.

நான்காவதுதான் அந்தத் தம்பியின் கதை.

அவர் நம் பக்கத்துப் பாடசாலையில் படிப்பிக்கிற இளம் ஆசிரியர். நல்ல பிள்ளை. அவருடைய பைக்கிலும் ஒயில் குறைந்தது. என்னிடம் கேட்டார். புகை வருகிறதா, எப்போது வருகிறது, கீழே ஒழுகுகிறதா என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. மெக்கானிக் என்னிடம் கேட்ட இரண்டு கேள்வியை நான் அவரிடம் கேட்கவில்லை. "கட்டி சிந்தெடிக் ஒண்டு போடுங்க தம்பி" என்றேன். அவரும் கடன் வாங்கி நல்ல விலைக்கு வாங்கி ஊற்றினார்.

அவருடைய பைக்கில் ரிங்கும் சரி, சீலும் சரி. ஒயில் வடிக்கும் நட்டுக்குக் கீழே இருக்கும் வாசர் நசிந்து, அதால் சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. சில ரூபா வேலை. கட்டி ஒயில் ஊற்றியதும் ஒழுகுவது குறைந்தது, நிற்கவில்லை. நிலத்தில் கறை குறைந்ததைப் பார்த்து அவர் நம்பிவிட்டார். நான் சொன்னதால் இரட்டிப்பாக நம்பினார். கம்பியைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து, அம்மாவை மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கொண்டு போகும் வழியில் எஞ்சின் இறுகியது. பின் சில்லு ஒரு கணம் பூட்டிக்கொண்டு பைக் ஆடியிருக்கிறது. அம்மா பின்னால் இருந்தவர். விழவில்லை. அல்ஹம்துலில்லாஹ், இருவருக்கும் ஒன்றும் இல்லை. கேள்விப்பட்டு நான் போனபோது அம்மா வீதியோரத்தில் மருதமர நிழலில் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

தம்பி என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க சொன்னதத்தான் சேர் போட்டன். ஒயில் நல்ல ஒயில்தானே" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சிலிண்டர், பிஸ்டன், உள்ளே இருக்கும் தண்டு, எல்லாம் சேர்த்து அவருக்கு வந்த செலவு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். அதில் ஒரு பங்கை நான் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றுதான் வாங்கினார்.

ஆலோசனை கேட்கப்படுகிறவர் ஓர் அமானிதத்தைச் சுமக்கிறார் என்று சிறுவயதில் மத்ரஸாவில் படித்தேன். அது பெரிய பெரிய விசயங்களுக்கு என்று நினைத்திருந்தேன். ஒரு லீற்றர் ஒயிலுக்கும் அது பொருந்தும் என்று இந்த வயதில் படித்தேன். அதுவும் ஆசிரியர் சொன்னால் ஊர் கேள்வி கேட்காது. அப்படியென்றால் கேள்வியையும் நாமேதான் கேட்க வேண்டும்.

ஆகவே முழுதையும் சொல்கிறேன்.

ஒயில் குறைகிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். பைக்கை மட்டமான நிலத்தில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, மூன்று நாலு நிமிடம் ஓடவிட்டு நிற்பாட்டி, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். கம்பியைத் துடைத்துவிட்டு வையுங்கள். அநேகமான சின்ன பைக்குகளில் கம்பியைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளக்க வேண்டும், உங்கள் பைக்கின் புத்தகத்தைப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி நிரப்பவும் கூடாது. கூடினால் நுரைத்து வேறு வழியால் வெளியே போகும்.

குறைந்தால் எதால் போகிறது என்று கண்டுபிடியுங்கள். காலைப் புகையா, முறுக்கும் புகையா, நிலத்தில் கறையா. ஒழுகினால் வாசரை மாற்றுங்கள், ஒயிலை மாற்றாதீர்கள். வால்வ் சீல் என்றால் சீலை மாற்றுங்கள். ரிங் தேய்ந்து, வேலை செய்யக் காசு சேரும்வரை ஓட வேண்டியிருந்தால்தான் கட்டி சிந்தெடிக்குக்கு இடம். புது எஞ்சினுக்குப் புத்தகம் சொன்ன தரத்தை விட்டு விலகாதீர்கள். அதன் இடைவெளிகள் அந்த ஒயிலுக்கென்றே வைக்கப்பட்டவை.

போத்தலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். கியர் பைக்கில் கிளச்சும் அதே ஒயிலில்தான் நனைகிறது. எரிபொருள் மிச்சம் பிடிக்க என்று செய்த மெல்லிய கார் ஒயில்களில் வழுக்கும் மருந்து கூட. அதை ஊற்றினால் கிளச் வழுக்கலாம். கியர் இல்லாத ஸ்கூட்டிகளுக்கு எம்பி என்று வேறு தரம் உண்டு. வாங்கும்போது போத்தலின் மூடி முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். வெறும் போத்தலை எறியும்போது வெட்டி எறியுங்கள், யாராவது அதில் வேறு எதையாவது நிரப்பி விற்காமல் இருக்க.

மாற்றிய கறுப்பு ஒயிலை வாய்க்காலிலோ வெருகல் ஆற்றங்கரையிலோ ஊற்றாதீர்கள். கிணறும் களப்பும் நம்முடையவை. ஒரு கானில் சேர்த்து, எடுக்கும் கராஜில் கொடுங்கள்.

டிசம்பர் லீவில் என் பைக்குக்கு எஞ்சின் வேலை செய்தேன். சிலிண்டர் போர் பண்ணி, புதுப் பிஸ்டன், புது ரிங், சீல். அதே மெக்கானிக். முடிந்த பிறகு "இப்பவும் அந்தக் கட்டி ஒயிலையே போடுவமா?" என்று கேட்டேன். சிரித்தார். "இனி என்னத்துக்கு சேர்? புத்தகத்தில உள்ளதப் போடுங்க." இப்போது மறுபடியும் 10டபிள்யூ-30தான் ஓடுகிறது.

ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் போக முதல் கம்பியைக் கழற்றிப் பார்க்கிறேன். மகள் பழைய துணியோடு பக்கத்தில் வந்து நிற்பாள். கொப்பியில் எழுதுவது அவளுடைய வேலை. போன வெள்ளி நான் மறந்து வெளிக்கிட்டேன். "வாப்பா, கம்பி!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

என் பேச்சைக் கேட்டுக் கட்டி ஒயில் ஊற்றியவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து நாளைக் காலையில் ஸ்டார்ட் பண்ண முதல் ஒருதரம் கம்பியைப் பாருங்கள். குறைந்திருந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள், மெக்கானிக்கிடம் சேர்ந்தே போவோம். இந்த முறை கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் ஒயிலைப் பற்றிப் பேசுவேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.